கடன் வாங்காத கழித்தல்

மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டுப்பாட நோட்டு அன்று காலை என் மேசைக்கு வந்தது. 52 − 27 என்ற கணக்கு. ஐந்து கட்டுகளும் இரண்டு தனிக் குச்சிகளும் வரைந்து, ஒரு கட்டைப் பிரித்து, 25 என்று சரியாகவே எழுதியிருந்தாள். அதன் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் அவளுடைய அப்பா, தான் படித்த முறையில் அதே கணக்கைப் போட்டு அதே 25-ஐ எழுதியிருந்தார்.

"கணக்குப் போடச் சொன்னா படம் போட்டு வச்சிருக்கியானு அப்பா திட்டிட்டாரு டீச்சர்" என்றாள். அடுத்த கணக்கிற்கான இடம் வெறுமையாக இருந்தது.

விடை இரண்டும் ஒன்றுதான். ஆனால் பள்ளி சொல்வது ஒன்று, வீடு சொல்வது ஒன்று என்றானதும் குழந்தை எழுதுவதையே நிறுத்திவிட்டாள். இதில் அப்பாவின் தவறு என்ன? 2022-இல் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது நமக்குப் பயிற்சி கிடைத்தது. ஆசிரியர் கையேடு கிடைத்தது. மறு ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும் விரிந்தபோதும் அப்படியே. பெற்றோருக்கு யார் சொன்னார்கள்? நாம்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மாறியது எது?

"ரெண்டுல ஏழு போகாது, பக்கத்துல கடன் வாங்கு." நாமும் இப்படித்தான் படித்தோம். வாங்கிய கடனை எப்போது திருப்பிக் கொடுப்பது என்று நாம் கேட்டதில்லை. உண்மையில் அங்கே கடனே இல்லை. ஒரு பத்து, பத்து ஒன்றுகளாக மாறுகிறது. 52 என்பது 40-உம் 12-உம் ஆகிறது, மதிப்பு மாறவில்லை. பாடநூல் இதை 'இனமாற்றம்' என்கிறது. குச்சிக் கட்டைப் பிரிக்கும் குழந்தை இதைக் கண்ணால் பார்க்கிறது.

பார்க்காத குழந்தை எங்கே தடுமாறும் என்பது உயர் வகுப்பு ஆசிரியர்களுக்குத் தெரியும். 5 மணி 10 நிமிடத்திலிருந்து 2 மணி 25 நிமிடத்தைக் கழிக்கச் சொன்னால், 2 மணி 85 நிமிடம் என்று எழுதிக் காட்டும் பிள்ளைகள் உண்டு. ஒரு மணியைப் பிரித்தால் 60 நிமிடம் கிடைக்கும் என்பது, 'கடன்' என்ற சொல்லில் மறைந்துபோய்விட்டது. சரியான விடை 2 மணி 45 நிமிடம்.

மாறாதவையும் உண்டு. வாய்ப்பாடு இன்றும் வேண்டும். ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கழிக்கும் முறையும் வேண்டும். அவை புரிதலுக்குப் பிறகு வருகின்றன, அவ்வளவுதான். இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால், பள்ளியில் கணக்கே நடத்துவதில்லை என்று பெற்றோர் முடிவு கட்டிவிடுவார்கள்.

பெற்றோருக்குத் தெரிந்த கணக்கு

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் மட்டும் எடுத்துக்கொண்டேன். பெட்டிக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவரிடம், "63 ரூபாய்க்குச் சாமான், நூறு ரூபாய் நோட்டுக் கொடுக்கிறேன். மீதி எப்படிக் கொடுப்பீங்க?" என்று கேட்டேன். "அறுபத்து மூணோட ஏழு சேர்த்தா எழுபது, அப்புறம் ஒரு முப்பது. முப்பத்தேழு ரூபா டீச்சர்" என்றார் உடனே. அவர் கடன் வாங்கவே இல்லை. கூட்டிக்கொண்டே போய்க் கழித்துவிட்டார்.

பிறகு அந்த மாணவியின் அப்பாவைக் கேட்டேன். அவர் கொத்தனார். ஒரு நாள் கூலி 850 என்றால் ஆறு நாளுக்கு எவ்வளவு? "எண்ணூறு ஆறு நாலாயிரத்து எண்ணூறு, அம்பது ஆறு முந்நூறு. ஐயாயிரத்து நூறு." அவர் சொன்னதை அப்படியே கரும்பலகையில் 800 × 6, 50 × 6 என்று பிரித்து எழுதினேன். "உங்க பொண்ணும் எண்ணைப் பிரிச்சுத்தான் போடுறா. நீங்க மனசுல செய்யறதை அவ தாள்ல செய்யறா" என்றேன். இதே பிரிப்புத்தான் பிற்பாடு இயற்கணிதத்தில் a(b + c) = ab + ac என்று வருகிறது.

அவர் சிறிது நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரிங்க டீச்சர். ஆனா இப்படிப் படம் போட்டுக்கிட்டே இருந்தா பரீட்சையில நேரம் பத்துமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. படம் என்பது ஏறிச் செல்லும் படி. அங்கேயே உட்கார்ந்துவிடக் கூடாது. ஐந்தாம் வகுப்பிலும் ஒரு பிள்ளை குச்சி வரைந்துகொண்டிருந்தால், நம் வேலை முடியவில்லை என்று பொருள். அதையும் அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

நாம் செய்யக்கூடியவை

• பெற்றோர் கூட்டத்திலோ பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலோ ஒரே ஒரு கணக்கைச் செய்து காட்டுவோம். ரப்பர் பேண்ட் போட்ட குச்சிக் கட்டுகள் போதும். கட்டைப் பெற்றோரே பிரிக்கட்டும்.

• புதிய முறை தொடங்கும் வாரத்தில் நோட்டில் ஒரு வரி எழுதி அனுப்புவோம்: "விடை சொல்லித் தர வேண்டாம், எப்படிப் போட்டாய் என்று கேளுங்கள்." எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரிடம் இதைக் குழந்தையே சொல்லலாம். அவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும்.

• பழைய முறை தவறு என்று சொல்ல வேண்டாம். அது தவறும் அல்ல. வீட்டுப் பெரியவர்களின் கணக்கையும் வகுப்பிற்குள் அழைக்கலாம். 1957 ஏப்ரல் 1-இல் தசம நாணயம் வரும்வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா. அந்தக் கணக்கைப் படித்த தாத்தா பாட்டிக்கு, ஒரு ரூபாயைப் பிரித்தால் பத்து அல்ல, பதினாறு கிடைக்கும் என்று தெரியும். இனமாற்றத்தை விளக்க அவர்களைவிட நல்ல ஆள் கிடைப்பாரா?

• வீட்டில் என்ன செய்யலாம் என்றும் சொல்வோம்: கடைக்கு அனுப்பி மீதிக் காசைக் கேட்பது, இரவில் ஐந்து நிமிடம் வாய்ப்பாடு சொல்ல வைப்பது.

கூட்டம் முடிந்த மறு வாரம் அந்த மாணவியின் நோட்டு வந்தது. அவள் வரைந்த கட்டுகள் ஒரு பக்கம். அப்பா போட்ட கணக்கு மறு பக்கம். குறுக்குக் கோடு இல்லை.

"ரெண்டும் ஒண்ணுதானாம் டீச்சர்" என்றாள். அதற்குக் கீழே, அடுத்த மூன்று கணக்குகளையும் அவளே போட்டிருந்தாள். ஒன்று தப்பு. அதை எப்படிப் போட்டாள் என்று கேட்டேன்; சொல்லத் தொடங்கினாள்.