உதைபந்தாட்ட வீரனும் பாடப் புள்ளியும்

அமெரிக்காவிலே உதைபந்தாட்டம் என வழங்குவது இலங்கையர் அறிந்த உதைபந்தாட்டமன்று. நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடும் அவ்வாட்டம் றக்பிக்கே நெருங்கிய உறவு. அதன் நாற்றங்கால் பல்கலைக்கழகங்களாம். மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கிலே ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் அமர்ந்து மாணவர் ஆடுவதைக் காண்பர். தொழில்முறைக் குழுக்களும் தமக்கு வேண்டிய வீரரைப் பெரும்பாலும் இங்கிருந்தே பொறுக்கி எடுக்கின்றன. ஆதலின் பயிற்சியாளர்கள் பாடசாலைதோறும் சென்று வலிய இளைஞரைத் தேடுகின்றனர். கல்விச் செலவு, உணவு, உறையுள் யாவும் தருவதாக வாக்களிக்கின்றனர். அவ்விளைஞன் வகுப்பிலே அமர்ந்து கற்கத் தகுந்தவன்தானா என்னும் வினா அங்கேதான் எழுகின்றது.

மாணவனைச் சேர்த்துக்கொள்வது பல்கலைக்கழகத்தின் உரிமை. ஆனால் சேர்ந்தவன் களத்தில் இறங்கலாமா என்பதைத் தீர்மானிப்பது, 1906இல் தோன்றிய தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதி. 1973இல் அச்சங்கம் விதியை மிகவும் தளர்த்தியது. 4 புள்ளிக்குக் கணிக்கப்படும் சராசரியில் 2 பெற்றாற் போதும். எந்தப் பாடத்திற் பெற்றது என்று கேட்பாரில்லை. இதன் விளைவை நாடு பின்னரே உணர்ந்தது. 1970களின் பிற்பகுதியில் ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடிப் பின்னர் வாஷிங்ரன் குழுவிற் புகழ்பெற்ற டெக்ஸ்ரர் மான்லி, தாம் வாசிக்கத் தெரியாதவராகவே அங்கிருந்து வெளியேறியதை 1989இல் செனற் சபைக் குழுவொன்றின் முன் கண்ணீருடன் ஒப்புக்கொண்டார்.

1983இல் நிறைவேறி 1986இல் நடைமுறைக்கு வந்த 48ஆம் பிரேரணை, 11 அடிப்படைப் பாடங்களிற் சராசரி 2 புள்ளியும், பொதுப் பரீட்சையில் 1600க்கு 700 புள்ளியும் வேண்டுமென்றது. அப்பரீட்சையில் மிகக் குறைந்த புள்ளியே 400 ஆதலால் 700 என்பது பெரிய உயரமன்று. ஆயினும் தடுக்கப்பட்டோரிற் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர். வறிய பாடசாலையிற் கற்றவனை வசதியுள்ளவனுடன் ஒரே கோலால் அளப்பது முறையா என்ற வாதம் மூண்டது. 1989இல் நிறைவேறிய 42ஆம் பிரேரணை, இரண்டில் ஒன்றை மட்டும் நிறைவேற்றியவனுக்கு உபகாரச் சம்பளத்தையும் மறுத்தபோது, ஜோர்ஜ்ரவுண் பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜோன் தொம்சன் போட்டி தொடங்குமுன் களத்தைவிட்டு வெளியேறினார். மறு ஆண்டே அவ்விதி தளர்ந்தது. 1996இலிருந்து பாடப் புள்ளி உயர்ந்தவனுக்குப் பரீட்சைப் புள்ளி குறையலாம் என்ற நெகிழ்ச்சி வந்தது. 2023இல் பரீட்சை நிபந்தனையே நீக்கப்பட்டது.

முதற்பிரிவுப் பல்கலைக்கழகங்களில் எஞ்சியிருப்பது பாடசாலைப் பதிவேடு. 16 அடிப்படைப் பாடங்கள், அவற்றிற் சராசரி 2.3 புள்ளி. அவற்றுள் 10 பாடங்களை இறுதி ஆண்டு தொடங்குமுன்னரே முடித்திருத்தல் வேண்டும்; அப்பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் என்பவற்றைச் சார்ந்தவை. கடைசி வேளையில் அவசர வகுப்புகளால் பதிவேட்டைச் செப்பனிடும் பழைய உபாயத்துக்கு இது தடை. சராசரி 2க்குக் குறையாது 2.3ஐ எட்டாதவன் உபகாரச் சம்பளம் பெறலாம், பயிற்சியும் செய்யலாம். முதலாண்டிற் போட்டியில் மட்டும் ஆடலாகாது.

சிக்கல் பெரும்பாலும் வேறிடத்திலே பிறக்கின்றது. ஒவ்வொரு பாடசாலைக்கும் அங்கீகரிக்கப்பட்ட பாடங்களின் பட்டியலொன்று உண்டு. அதிலில்லாத பாடத்தில் எத்துணைப் புள்ளி பெற்றாலும் அது கணக்கிற் சேராது. பதினான்கு வயதிலே பாடந் தெரிந்தெடுக்கும் சிறுவனுக்கு அப்பட்டியலை எடுத்துக்காட்ட ஓர் ஆசிரியர் இல்லையெனில், பதினேழு வயதில், பயிற்சியாளர் வீட்டு வாயிலுக்கு வந்த பின்னரே அவன் அதை அறிகின்றான்.