தாத்தா கெட்டியா, பேரன் கெட்டியா?

"அந்தக் காலத்துச் சாமான் போல வருமா?" என்று ஒரு கட்சி. "இந்தக் காலத்து யந்திரம் பழுது என்றால் என்னவென்றே அறியாது" என்று எதிர்க் கட்சி. வீட்டு மாவரைக்கும் யந்திரத்தைப் பற்றியே இந்தச் சண்டை தீருவதில்லை. வேகக் கார்களைப் பற்றி என்றால் கேட்க வேண்டுமா?

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்துப் போர்ஷே கம்பெனியின் '911 டர்போ' காரை எடுத்துக்கொள்வோம். 1974-ல் பாரிஸ் கண்காட்சியில் அரங்கேறி, மறு வருஷம் விற்பனைக்கு வந்தது. வம்சம் இன்னும் தழைத்து வருகிறது. தாத்தா, அப்பா, பேரன் மூவரையும் வரிசையாக நிறுத்திப் பார்க்க இதைவிட வசதியான குடும்பம் கிடைக்காது.

துருத்தியின் கதை

கொல்லன் துருத்தியை அமுக்கினால் உலையில் நெருப்பு ஏன் சீறுகிறது? காற்று அதிகம் கிடைப்பதால்தான். மோட்டார் எஞ்சினுக்கும் அதுவே நியாயம். எரிந்து வெளியேறும் சூடான புகையைக் கொண்டு ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறு முனையிலுள்ள சக்கரத்தால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறார்கள். இதுதான் டர்போ. ஆல்ஃபிரட் பியூகி என்ற ஸ்விட்சர்லாந்து எஞ்சினீயர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

வீணாகப் போகிற புகையிலிருந்து இனாமாகக் கிடைக்கும் சக்தி! ஆனால் உலகத்தில் இனாம் என்று ஏதாவது உண்டா? அந்தச் சக்கரம் நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதன்மேல் மோதும் புகையின் உஷ்ணமோ 900 டிகிரியைத் தாண்டும். இந்தச் சூட்டைச் சமாளித்த கதைதான் டர்போ கார்களின் கதை.

1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனி 'ஜெட்ஃபயர்' என்ற டர்போ காரை விற்றது. எஞ்சின் தட்டாமல் இருக்க, தண்ணீரும் மெதனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெட்ரோல் போடவே மறந்து நடுத்தெருவில் நிற்கும் மனிதர்கள் இதையா ஞாபகம் வைத்திருப்பார்கள்? கடைசியில், டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டரைப் பொருத்தித் தரக் கம்பெனியே முன்வந்தது.

தாத்தா

1975-ல் வந்த முதல் 911 டர்போவுக்கு 3 லிட்டர் எஞ்சின், 260 குதிரை சக்தி. 1978-ல் 3.3 லிட்டர், 300 குதிரை சக்தி ஆயிற்று. அமுக்கிய காற்றை உள்ளே விடுமுன் குளிர வைக்கும் சாதனமும் அப்போதுதான் சேர்ந்தது. எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது, காற்றும் எண்ணெயும்தான். அதன் அலுமினிய உடம்பு பந்தய அநுபவத்தில் பிறந்தது. வைரம் பாய்ந்த கட்டை.

ஆனால் எஞ்சினின் தலைப்பாகத்தை இறுக்கிப் பிடிக்கும் மறையாணிகள் வருஷங்கள் செல்லச் செல்லத் துருப்பிடித்து ஒடிந்தன. இரும்பைவிடச் சூட்டில் நன்றாக விரியும் விசேஷ உலோகம் என்று தேடித் தேடிப் போட்ட ஆணிகள் அவை!

தாத்தாவுக்கு முன்கோபம் வேறு. வேகமாக ஓட்டி வந்து சட்டென்று எஞ்சினை நிறுத்தினால், டர்போவின் தண்டைச் சுற்றியுள்ள எண்ணெய் ஓட்டம் நின்று, அடுப்பில் மறந்துபோன எண்ணெய்ச் சட்டி போலக் கரிந்துவிடும். ஓரிரண்டு நிமிஷம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு நிறுத்துகிறவரிடம் அதே டர்போ நெடுநாள் உழைக்கும்.

அப்பா

1995-ல் ஒரு பெரிய டர்போவுக்குப் பதில் இரண்டு சிறிய டர்போக்கள் வந்தன. 2000-ல் வந்த காரில், 911 டர்போ முதன்முதலாகத் தண்ணீர்க் குளிர்ச்சிக்கு மாறியது. 420 குதிரை சக்தி. சுவாரஸ்யமான கட்டம் இதுதான்.

அதே காலத்தில் விற்ற சாதாரண 911-க்கும் பாக்ஸ்டர் காருக்கும் கம்பெனி வேறொரு புது எஞ்சினைப் போட்டது. அதன் உள்ளே இடைத்தண்டைத் தாங்குவது கையளவு பால் பேரிங். அது தேய்ந்து நொறுங்கினால் வால்வுகளும் பிஸ்டன்களும் முட்டிக்கொண்டு எஞ்சின் முழுவதுமே பாழ். எல்லாக் காருக்கும் இப்படி நேரவில்லை. ஆனால் நேர்ந்தவர்களுக்குப் பேரிங் விலையோடு போகவில்லை. எஞ்சின் விலையே போயிற்று. அமெரிக்காவில் சொந்தக்காரர்கள் தொடுத்த கூட்டு வழக்கு 2013-ல் சமரசத்தில் முடிந்தது.

டர்போ காருக்கு இந்தத் தொல்லை இல்லை! ஹான்ஸ் மெட்ஸ்கர் என்ற நிபுணரின் பழைய பரம்பரையில் வந்த எஞ்சின் அது. 1998-ல் லமான் 24 மணிப் பந்தயத்தில் வென்ற ஜிடி1 காரின் எஞ்சினுக்கு நெருங்கிய உறவு. அதன் இடைத்தண்டு பால் பேரிங்கில் அல்ல, எண்ணெய் பாயும் புஷ் பேரிங்கில் சுழன்றது. சாதுவான தம்பிக்கு வந்த வியாதி, முரட்டு அண்ணனுக்கு வரவில்லை. ஒரே பெயர்ப் பலகைக்குப் பின்னால் இரண்டு விதமான இருதயம்!

அண்ணனுக்கும் ஒரு குறை இருந்தது. தண்ணீர்க் குழாய்களின் இணைப்புகளைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். நாளடைவில் பசை விட்டுக் குழாய் கழன்றால் சாலையெல்லாம் தண்ணீர். விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் அவற்றைப் பற்றவைத்துவிடுகிறார்கள்.

பேரன்

2006-ல், சூட்டுக்குப் பயந்து பெரும்பாலும் டீசலோடு நின்றிருந்த, இறக்கை திருப்பும் டர்போவையும் 911 பெற்றது. 2009-ல் முற்றிலும் புதிய 3.8 லிட்டர் எஞ்சின், 500 குதிரை சக்தி. வம்பு செய்த இடைத்தண்டையே எடுத்துவிட்டார்கள். பிறக்காத பிள்ளைக்குக் காய்ச்சல் ஏது? டர்போவைச் சுற்றி ஓடும் தண்ணீரும் சூட்டை வாங்கிக்கொள்கிறது. தாத்தாவிடம் ஓட்டுகிறவர் காட்ட வேண்டியிருந்த பொறுமையில் பெரும்பகுதியைப் பேரனிடம் யந்திரமே காட்டுகிறது. ஆனால் பேரனுக்கு உடம்பு வந்தால் ஸ்பானரை மட்டும் நம்பிப் பயனில்லை, கம்ப்யூட்டரும் வேண்டும்.

தீர்ப்பு

ஆக, கெட்டி யார்? அன்றாட ஓட்டத்துக்குப் பேரன். பிரித்து மாட்டிப் பிழைக்க வைக்கத் தாத்தா. இரண்டு குணமும் கலந்தவர் அப்பா. ஆனால் மூன்று தலைமுறையிலும் ஒன்றைக் கவனித்தீர்களா? கெட்ட பெயர் வாங்கித் தந்தது பெரும்பாலும் பயங்கரமான டர்போ அல்ல. ஓர் ஆணி, ஒரு பேரிங், கொஞ்சம் பசை. ஆகவே பழைய கார் வாங்கப் போகிறவர்கள் குதிரை சக்தியைக் கேட்குமுன், எண்ணெய் மாற்றிய கணக்கையும் பழுது பார்த்த ரசீதுகளையும் கேட்பது நல்லது. ரசீது இல்லை என்று விற்பவர் தலையைச் சொறிந்தால், பேசாமல் பஸ்ஸில் வீடு திரும்பிவிடலாம்!