காசிமா (சுண்டாட்ட வீராங்கனை)

காசிமா தமிழ்நாட்டைச் சேர்ந்த சுண்டாட்ட (கேரம்) வீராங்கனை ஆவார். வடசென்னையின் புதுவண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவர். தந்தை தானி (ஆட்டோ) ஓட்டுநர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடைபெற்ற ஆறாவது சுண்டாட்ட உலகக்கோப்பைப் போட்டியில் மகளிர் ஒற்றையர், இரட்டையர், குழு ஆகிய மூன்று பிரிவுகளிலும் தங்கம் வென்றார். அப்போது இவரது அகவை 17.

சுண்டாட்டப் பலகையும் காய்களும் எளியோர்க்கும் எட்டுபவை. வெளிநாட்டுப் பயணமோ அவ்வாறன்று. இவரது அமெரிக்கப் பயணத்திற்குத் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை ரூ. 1.5 இலட்சம் வழங்கியது. வெற்றிக்குப் பின்னர் தமிழ்நாடு அரசு ரூ. 1 கோடி ஊக்கத்தொகை அளித்தது. ஒலிம்பிக்கில் இடம்பெறாத ஒரு விளையாட்டிற்கு இது பெருந்தொகையே. இவருக்கு முன்னர் சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் இவ்விளையாட்டில் உலக வாகையாளராகத் திகழ்ந்து, 1996 ஆம் ஆண்டிற்கான அருச்சுனா விருதைப் பெற்றார்.