ஆடியில் குளிர், தையில் கோடை

கோலார் தங்கவயலின் சுரங்கங்களுக்குள் பருவம் என்று ஒன்று இருந்ததில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பமே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குளிரூட்டிய காற்றைச் செலுத்தினால்தான் ஆள் நின்று வேலை பார்க்க முடியும். மேலே மார்கழிப் பனி இறங்கினாலும் சித்திரை வெயில் கொளுத்தினாலும் கீழே ஒரே புழுக்கம், ஒரே இருட்டு. கேஜ் என்ற கூண்டில் இறங்கும் ஆளுக்கு நாளைப் பிரித்துச் சொன்னது ஷிப்ட் மாறும்போது ஊதிய சங்குதான்.

அப்படி இறங்கியவர்கள் பருவத்தோடு பிறந்து வளர்ந்தவர்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தங்கம் தோண்டத் தொடங்கிய பிறகு, வட ஆற்காடு, சித்தூர் பக்கத்து மானாவாரிக் கிராமங்களிலிருந்து ஆட்கள் சாரிசாரியாக வந்தார்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் முடிந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. ஆடியில் விதைத்துத் தையில் அறுத்த குடும்பங்கள் அவை. அதே சீமையிலிருந்து வேறு பலர் 1860 முதலே கப்பலேறி, தென் ஆப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போயிருந்தார்கள். ஒரே மண்ணைவிட்டுக் கிளம்பியவர்களில் ஒரு சாராருக்குப் பருவம் தலைகீழானது. இன்னொரு சாராருக்கு அது பாதாளத்தில் காணாமல் போனது.

சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. அதன்பின் தங்கவயல்காரர்கள் பலர் பிழைப்புக்காக அதிகாலைப் பெங்களூர் ரயிலைப் பிடித்தார்கள். சிலர் இன்னும் தூரம் போனார்கள். ஆஸ்திரேலியா இந்த ஊருக்குப் புதிதில்லை. நாடு விடுதலை அடைந்த பிறகு இங்கிருந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் அங்கே குடியேறத் தொடங்கிவிட்டன. நிறம் பார்த்து ஆளைச் சேர்க்கும் கொள்கையை அந்நாடு 1973இல் முழுதாகக் கைவிட்டதும் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கும் வழி திறந்தது. இன்று தங்கவயலின் மாரிக்குப்பத்தில் லைன் வீட்டில் இருக்கும் ஓர் ஆயா, மெல்பர்னில் இருக்கும் பேத்தியை வீடியோவில் பார்த்து, “ஆடி மாசத்துல எதுக்குக் கண்ணு கம்பளி போட்டுனு இருக்கே?” என்று கேட்டால், அதற்கான பதில் பூமியின் சாய்விலிருந்து தொடங்க வேண்டும்.

பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. ஜூனில் வடபாதி சூரியன் பக்கம் சாய்கிறது, டிசம்பரில் தென்பாதி. சூரியனுக்கு அருகில் போவதால்தான் கோடை வருகிறது என்ற எண்ணம் பள்ளி முடித்தவர்களிடமும் இருக்கிறது. உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில். மிக விலகி நிற்பது ஜூலைத் தொடக்கத்தில், 15.2 கோடி கிலோமீட்டரில். தங்கவயல் போர்வை தேடும் நாட்களில்தான் சூரியன் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. அருகில் வரும்போது பூமி வேகமாகவும் ஓடுவதால், டிசம்பர் 21 வாக்கில் தொடங்கும் தென்பாதியின் கோடை 89 நாளில் முடிந்துவிடுகிறது. அதன் குளிர்காலமோ 93 நாளைத் தாண்டுகிறது.

ஆனால் குடிபெயர்ந்த குடும்பத்தை அதிகம் அலைக்கழிப்பது பருவம் புரண்டதைவிட, பகல் நீண்டு சுருங்குவதுதான் என்பது என் கணிப்பு. தங்கவயல் பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. அங்கே வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். பிறந்தது முதல் ஆறு மணிக்கு விடியும், ஆறரைக்குள் விளக்கேற்றலாம் என்று பழகிய உடம்பு அது. மெல்பர்ன் தெற்கே ஏறத்தாழ 38 டிகிரியில் இருக்கிறது. டிசம்பரில் அங்கே பகல் 14 மணி 47 நிமிடம். ஜூனில் 9 மணி 32 நிமிடம். ஜூன் மாதத்து நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 29 டிகிரிதான் எழும்புகிறது. அதுவும் வடக்கே. வடக்கே நிற்கும் சூரியன் நமக்கு முழுக்க அந்நியமில்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை தங்கவயலிலும் நண்பகல் சூரியன் சற்று வடக்கேதான் இருக்கும். உச்சந்தலைக்கு அத்தனை அருகில் இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. மெல்பர்னில் கவனிக்காமல் இருக்க முடியாது. வடக்கு ஜன்னல் இல்லாத வீட்டில் குளிர்காலம் முழுக்க வெயில் அதிகம் நுழையாது.

இந்த ஒளிக்குறைவு உடம்பில் எழுதப்படுகிறது. விழித்திரையில் உருவங்களைப் பார்ப்பதற்கென்று இல்லாமல் வெளிச்சத்தின் அளவைக் கணிக்கவே தனி நரம்பணுக்கள் உண்டு. அவை தரும் செய்தியை வைத்து மூளையின் அடிப்பகுதியில் உள்ள உயிர்க்கடிகாரம் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. இருட்டியதும் மெலடோனின் சுரக்க வைக்கிறது. விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பி, இருட்டிய பின் வீடு திரும்பும் ஜூன் மாதத்தில் அந்தக் கடிகாரத்துக்கு வெளிச்சம் போதவில்லை. காரணமில்லாத சோர்வு, காலையில் எழ முடியாமை, எதிலும் ஒட்டாத மனம் என்று சிலருக்கு வருவது இதனால் இருக்கலாம். வைட்டமின் டி இன்னொரு பிரச்சினை. தாழ்ந்த சூரியனின் ஒளி நீண்ட தூரம் காற்றைக் கடந்து வருவதால், தோலில் அந்த வைட்டமினை உண்டாக்கும் புறஊதாக் கதிர் வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. நம்முடைய கறுத்த தோலுக்கு அதே அளவு வைட்டமின் கிடைக்க இன்னும் அதிக நேரம் வெயில் வேண்டும். 13 டிகிரி வெயிலுக்கு நம்மைக் காத்த நிறம், 38 டிகிரிக் குளிர்காலத்தில் கணக்கு கேட்கிறது. அங்கே போன நம் பெண்கள், குறிப்பாகக் கருவுற்றவர்கள், ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

வீட்டின் நாட்காட்டியும் மாறிப்போகிறது. கர்நாடகத்தில் ஏப்ரல், மே விடுமுறை, ஜூனில் பள்ளி. ஆஸ்திரேலியாவில் ஜனவரிக் கடைசியில் வகுப்பு தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அதனால் நீண்ட விடுமுறைக்கு ஊருக்கு வரும் குடும்பம் கொளுத்தும் கோடையிலிருந்து கிளம்பி மார்கழிக் குளிரில் வந்து இறங்குகிறது. ஆண்டுதோறும் இப்படியே வரும் பிள்ளைகளுக்குத் தங்கவயல் என்றால் பனிமூட்டம், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கும் வாசல், பொங்கல் கோலம். கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம் மாம்பழத்துக்குப் பேர்போனது. மே, ஜூனில் அது சந்தைக்கு வரும்போது அவர்கள் மெல்பர்ன் வகுப்பறையில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆயாவின் ஊர்க் கோடையை ஒருமுறைகூடப் பார்க்காமல் வளரும் தலைமுறை இது. இது எனக்கு மிகப் பெரிய இழப்பாகவே படுகிறது.

பண்டிகைகளுக்கு வருவோம். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது, ஏனென்றால் எல்லாம் புரளவில்லை. தீபாவளி அமாவாசை மெல்பர்னிலும் அமாவாசைதான். நிலா தலைகீழாகத் தெரியும், வடை சுடும் பாட்டி கவிழ்ந்து கிடப்பார். ஆனாலும் பிறை வளர்வதும் தேய்வதும் ஒரே நேரத்தில்தான். கார்த்திகை தீபத்தன்று முழுநிலா கார்த்திகை விண்மீன் கூட்டத்தின் அருகே நிற்பது இரண்டு ஊரிலும் மாறாது. மாறுவது வெளிச்சம். தங்கவயலில் ஆறு மணிக்கு அகல் ஏற்றிவிடலாம். மெல்பர்னில் கோடைக்காகக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்தள்ளி வைத்திருப்பதால், சூரியன் மறையவே எட்டு மணி தாண்டிவிடும். விளக்கேற்றும் நேரத்தில் சின்னப் பிள்ளைகள் தூங்கிப்போவார்கள்.

பொங்கல் இன்னும் சிக்கலானது. சூரியன் மகர ராசிக்குள் நுழைவது விண்மீன்களை வைத்துச் சொல்லும் கணக்கு; அது உலகம் முழுமைக்கும் ஒன்று. ஆனால் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22இலேயே நடந்துவிடுகிறது. பூமியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை மெல்லச் சுற்றிவருவதால், பொங்கலும் அந்தத் திருப்பமும் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகி, இன்று மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்திருக்கிறது. தங்கவயலில் உத்தராயணம் என்றால் பகல் வளரும் காலம். மெல்பர்னில் அதே உத்தராயணத்தில் பகல் தேயத் தொடங்குகிறது. தைப் பிறப்பன்று விக்டோரியா மாநிலத்தில் வெயிலும் காற்றும் கடுமையாக இருந்தால் வெட்டவெளியில் நெருப்பு மூட்டத் தடை போடுவார்கள். அப்போது பானை சமையலறை அடுப்பில்தான் பொங்கும். ஆனாலும் மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை அறுவடை அக்டோபரில் தொடங்கி வருடக் கடைசியில் முடிகிறது. பெர்த்தில் பொங்கல் வைக்கிறவர்கள், தற்செயலாகவே ஆனாலும், அறுவடை முடிந்த நிலத்தில்தான் வைக்கிறார்கள். பெர்த்தின் பூர்வகுடிகளான நூங்கார் மக்கள் ஆண்டை நம்மைப் போலவே ஆறு பருவங்களாகப் பிரிக்கிறார்கள் என்பதையும் அங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நான்கு பருவப் பாடத்தைவிட அது அவர்களுக்கு நெருக்கமானது.

எது புரள்கிறது, எது புரளவில்லை என்ற இதே கேள்வியோடு இயற்பியலாளர்கள் இப்போது ஒரு தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கியிருக்கிறார்கள். அந்தத் தேடலின் வேர் தங்கவயலில் இருக்கிறது. 1950களின் தொடக்கத்திலேயே டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் பி.வி. ஸ்ரீகண்டன் இங்கே சுரங்கத்துக்குள் கருவிகளை இறக்கி, காஸ்மிக் கதிர்களிலிருந்து பிறக்கும் மியூவான் துகள்களை அளந்தார். ஆழம் போகப் போக மியூவான்கள் அருகிப்போயின. அதனாலேயே அந்த இடம், பாறையையும் ஊடுருவிவரும் நியூட்ரினோ என்ற துகளைத் தேடத் தகுந்ததானது. 1965இல், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்தார்கள். அதே ஆண்டு தென் ஆப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ஃபிரெடரிக் ரைன்ஸின் குழுவும் கண்டறிந்தது. வட ஆற்காட்டுக்காரர்கள் பிழைக்கப் போன தங்கவயலிலும் தென் ஆப்பிரிக்காவிலும் ஒரே ஆண்டில் அது நடந்தது.

பாதாளத்தில் பருவம் இல்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். மனிதத் தோலுக்கு இல்லை, மியூவானுக்கு உண்டு. காஸ்மிக் கதிர் மேல்வளிமண்டலத்தில் மோதும்போது பையான் என்ற துகள் பிறக்கிறது. கோடையில் அங்கே காற்று சூடாகி விரிந்து அடர்த்தி குறைகிறது. அதனால் பையான் வேறு அணுக்கருவில் மோதி வீணாகாமல், சிதைந்து மியூவானாக மாற வாய்ப்பு கூடுகிறது. வெப்பமண்டலத்தில் இந்த ஏற்ற இறக்கம் சிறிது. இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் மியூவான்கள் ஜூலை வாக்கில் அதிகரிக்கின்றன. தென்துருவப் பனிக்குள் புதைந்த ஐஸ்கியூப் கருவியில் ஜனவரியில்.

அதே கிரான் சாசோவில் டாமா என்ற குழு, பால்வெளியில் கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருப்பதாகக் கருதப்படும் கரும்பொருள் துகள்களைத் தேடி, சோடியம் அயோடைடு படிகங்களில் ஆண்டுதோறும் ஜூன் தொடக்கத்தில் உச்சமடையும் ஒரு சமிக்ஞையை இருபது ஆண்டுக்கு மேலாகப் பதிவுசெய்து வந்தது. சூரியனோடு சேர்ந்து நாம் பால்வெளியில் பாய்ந்துகொண்டிருக்கிறோம். ஜூனில் பூமியின் ஓட்டம் அந்தத் திசையோடு சேர்ந்துகொள்வதால் எதிரே வரும் கரும்பொருள் கூடுதலாக மோதுகிறது என்பது அவர்கள் விளக்கம். வெறும் பருவ விளைவாக ஏன் இருக்கக் கூடாது என்று மற்றவர்கள் கேட்டார்கள். ஸ்பெயினிலும் கொரியாவிலும் அதே வகைப் படிகங்களை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சமிக்ஞை கிடைக்கவில்லை. தென்பாதியில் வைத்துப் பார்ப்பது இன்னொரு வழி. மெல்பர்னுக்கு மேற்கே சுமார் 240 கிலோமீட்டரில் உள்ள ஸ்டாவெல் தங்கச் சுரங்கத்தில், ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், 2022இல் ஆய்வகம் திறக்கப்பட்டது. அங்கே சேபர் என்ற சோதனை அதற்காகவே திட்டமிடப்பட்டது. சமிக்ஞை பருவத்தைச் சேர்ந்தது என்றால் அங்கே உச்சம் ஆறு மாதம் தள்ளிப்போகும், மாம்பழத்தைப் போல. வானத்தைச் சேர்ந்தது என்றால் கார்த்திகை நிலாவைப் போல நாள் மாறாமல் நிற்கும்.

இனி, பேத்தி வீட்டுக்குப் போகவிருக்கும் ஆயாவுக்கு. தங்கவயல் வெயிலுக்குத் தப்பலாம் என்று சித்திரையில் அவரை அழைத்துக்கொள்வதுதான் வழக்கம். அது சரியான மாதமில்லை. மார்ச், ஏப்ரலில் மெல்பர்னின் பகல் நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் சுருங்கிக்கொண்டே போகிறது. ஊரில் அந்த மாற்றம் ஒரு நிமிடம்கூட இல்லை. மூட்டுவலியும் தனிமையும் உள்ள வயதில் அந்த இருட்டுக்குள் இறங்குவது கடினம். புரட்டாசியில் கிளம்பினால் நாளுக்கு நாள் பகல் வளரும். வந்த முதல் வாரங்களில் காலையில் அரை மணி நேரம் வெளியே நடந்தால் உயிர்க்கடிகாரமும் சீக்கிரம் பழகும். நவம்பர், டிசம்பரில் குவின்ஸ்லாந்து மாம்பழம் கடைக்கு வந்துவிடும். தைக்கு முன் ஊர் திரும்பினால் குளிரும் பாதி கடந்திருக்கும், மே மாதத்துச் சீனிவாசபுரம் பழத்துக்கும் அவர் வீட்டில் இருப்பார்.