பிள்ளையை வதிவிட முகாமுக்கு அனுப்பு முன்...



பாடசாலை விடுமுறை நெருங்கியதும் வதிவிடப் பயிற்சி முகாம்கள் பற்றிய அறிவித்தல்கள் பள்ளிவாசல் பலகையில் இடம்பெறுகின்றன. குர்ஆன் ஓதல், ஒழுக்கப் பயிற்சி, விளையாட்டு எனப் பிள்ளைகளுக்குப் பயன் தரும் பல அம்சங்கள் அவற்றில் உள்ளன. ஆயினும், கட்டணத்தைச் செலுத்திப் பிள்ளையை வாகனத்தில் ஏற்றி விடுவதுடன் நமது பொறுப்பு நீங்கிவிடுமா? பிள்ளை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் அல்லவா?

ஸூரா யூஸுபைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். விளையாட அழைத்துச் செல்வதாகக் கூறி, யூஸுப் (அலை) அவர்களைச் சகோதரர்கள் கேட்டபோது, யஃகூப் (அலை) அவர்கள் தமது அச்சத்தை வெளிப்படையாகவே கூறினார்கள். பின்னர் அவரது தம்பியை அனுப்ப நேர்ந்தபோது, அல்லாஹ்வின் பெயரால் உறுதிமொழி பெற்ற பின்னரே அனுப்பினார்கள். அதன் பின் அல்லாஹ்விடமே பொறுப்புச் சாட்டினார்கள். விசாரிப்பதும் உறுதி பெறுவதும் தவக்குலுக்கு முரணானவை அல்ல என்பது இதிலிருந்து தெளிவாகின்றது.

எனவே, ஏற்பாட்டாளர்களிடம் தயங்காது கேளுங்கள். இரவில் பிள்ளைகளுக்குப் பொறுப்பாக இருப்பவர் யார்? ஒருவர் மட்டுமா, பலரா? பெரியவர்களும் சிறுவர்களும் வெவ்வேறாக உறங்க இடமுண்டா? பத்து வயதை அடைந்த பிள்ளைகளின் படுக்கைகளைப் பிரித்து விடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்திருப்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஆற்றிலோ கடலிலோ நீராடச் செல்வதாயின், நீந்தத் தெரிந்த பெரியவர்கள் உடன் இருப்பார்களா? அருகிலுள்ள வைத்தியசாலை எது? பிள்ளைக்குத் தொய்வு நோயோ ஒவ்வாமையோ இருப்பின் எழுத்தில் அறிவித்து, மருந்தையும் பொறுப்பாளர் கையில் ஒப்படையுங்கள். இக்கேள்விகளுக்கு முகஞ்சுளிக்கும் முகாமுக்குப் பிள்ளையை அனுப்பாதிருப்பதே நன்று.

அடுத்தது பிள்ளையின் மனம். மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரழி) அவர்களும் சில இளைஞர்களும் மார்க்கம் கற்க வந்து, நபி (ஸல்) அவர்களிடம் ஏறத்தாழ 20 இரவுகள் தங்கியிருந்தனர். அவர்கள் வீட்டை நினைத்து ஏங்குவதை நபியவர்கள் தாமாகவே உணர்ந்து, வீட்டில் யாரை விட்டு வந்தீர்கள் என விசாரித்து, குடும்பத்தாரிடம் திரும்பிச் செல்லுமாறு கூறினார்கள். இச்சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. வாலிபர்களின் ஏக்கத்தையே நபியவர்கள் குறையாகக் கருதவில்லை எனில், பத்து வயதுப் பிள்ளையின் அழுகையை நாம் கோழைத்தனம் எனலாமா? வீட்டாருடன் தொலைபேசியில் பேச முகாம் இடமளிக்கின்றதா என்பதை முன்கூட்டியே உறுதிப்படுத்துங்கள். "எப்போது வேண்டுமானாலும் சொல், வாப்பா வந்து அழைத்துச் செல்வேன்" என வாக்களியுங்கள். அவ்வாக்கை நிறைவேற்றவும் செய்யுங்கள்.

புறப்படு முன் மற்றொன்றையும் பிள்ளைக்குக் கற்பியுங்கள். உடலைத் தகாத முறையில் தொட்டு, "உம்மாவிடம் சொல்லாதே" என்று கூறுபவர் எவராயினும், அவர் ஆசிரியராயினும் மௌலவியாயினும், அதை உடனே உம்மாவிடம் சொல்ல வேண்டும். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 எனும் தொலைபேசி இலக்கத்தையும் மனனமிடச் செய்யுங்கள். அத்தகைய முறைப்பாட்டை ஊரின் மானம் கருதி மறைப்பது, பிள்ளைக்கு நாம் இழைக்கும் இரண்டாவது அநீதியாகும்.

பிள்ளை திரும்பி வந்ததும், என்ன கற்றாய் எனக் கேட்கு முன், எப்படி இருந்தாய் எனக் கேளுங்கள். பொறுமையுடன் செவிமடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாத்து, ஸாலிஹான சந்ததியினராக ஆக்கியருள்வானாக! ஆமீன்.