கற்றலில் சமூக வலைக் கருவிகள்: ஒரு மாணவரின் முதல் அறிமுகம்

சமூக வலைக் கருவிகள் என்பவை, இணையத்தில் உள்ளதைப் படிப்பதோடு நில்லாமல், படிப்பவரே எழுதவும் திருத்தவும் பகிரவும் பிறரோடு உரையாடவும் இடந்தரும் மென்பொருள்களையும் இணையத்தளங்களையும் குறிக்கும். விக்கி, வலைப்பதிவு, கூட்டு ஆவணம், காணொளிப் பகிர்வுத் தளம், சமூகக் குறியிடல் தளம், செய்திக் குழு ஆகியன இவற்றுள் அடங்கும். இவற்றுள் பெரும்பாலானவை வேறு தேவைகளுக்காகத் தோன்றிப் பின்னர் வகுப்பறைக்குள் வந்தவை. பாடநூலையும் ஆசிரியர் தரும் குறிப்பையும் மட்டும் சார்ந்து படித்துப் பழகிய மாணவர் இவற்றை முதன்முதலாக அணுகும்போது வியப்பும் தயக்கமும் ஒருங்கே எழுகின்றன. அந்த முதல் அறிமுகத்தில் என்ன நிகழ்கிறது, இக்கருவிகள் எப்போது கற்பிக்கின்றன என்பதை இக்கட்டுரை தமிழ்ச் சூழலில் வைத்து விளக்குகிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

தொடக்ககால இணையத்தளங்களில் எழுதுபவர் சிலர், படிப்பவர் பலர் என்ற நிலை இருந்தது. 1995இல் அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் உருவாக்கிய விக்கிவிக்கிவெப் என்னும் தளம், பார்வையாளர் எவரும் பக்கத்தைத் திருத்தலாம் என்ற வழியைத் திறந்தது. 1999இல் பிளாகர் வந்தபின், நிரலாக்கம் அறியாதவரும் வலைப்பதிவு எழுத முடிந்தது. 2001 சனவரி 15 அன்று விக்கிப்பீடியா தொடங்கப்பட்டது. இணைய இணைப்புகளைச் சேமித்துக் குறிச்சொல் இட்டுப் பிறரோடு பகிரும் டெலிசியசு 2003இலும், யூடியூபு 2005இலும் தோன்றின. இந்த மாற்றத்தைக் குறிக்க ‘வலை 2.0’ என்ற சொல் 2004க்குப் பின் பரவலாயிற்று.

கல்விக்கென்றே அமைந்த கருவிகளும் இதே காலத்தில் வளர்ந்தன. ஆசுதிரேலியாவின் மார்ட்டின் டூகியமாசு உருவாக்கிய மூடுல் என்னும் கட்டற்ற மென்பொருளின் முதற்பதிப்பு 2002இல் வெளிவந்தது. 2008இல் கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் சியார்ச்சு சீமென்சு, இசுட்டீபன் டவுன்சு ஆகிய இருவரும் நடத்திய ஒரு பாடத்தில், கட்டணம் செலுத்திய மாணவர் 25 பேரே இருந்தனர். ஆனால் இணையவழி இலவசமாகச் சேர்ந்தவர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்கள் தத்தம் வலைப்பதிவுகளில் எழுதியவற்றை ஒன்றுதிரட்டிப் படிப்பதே பாடத்தின் பெரும்பகுதியாக இருந்தது. அறிவு ஒருவர் தலைக்குள் மட்டும் இல்லை, மனிதர்களுக்கிடையிலான தொடர்புகளிலும் இருக்கிறது என்பது அவர்கள் முன்வைத்த ‘இணைப்பியம்’ என்னும் கருத்தின் சாரம்.

தமிழில்

தமிழில் இணையவழிக் கூட்டு முயற்சிக்கு முன்னோடி, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம். பல நாடுகளில் வாழும் தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் இலவசமாக இணையத்தில் ஏற்றினர். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. இலங்கையைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன் அதன் தொடக்ககாலப் பங்களிப்பாளர்களில் முதன்மையானவர். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணப்படுத்தும் நூலகத் திட்டம் 2005இல் உருவானது. 2017இல் தமிழ் விக்கிப்பீடியா ஒரு இலட்சம் கட்டுரைகளை எட்டியது.

மாணவர்களையும் ஆசிரியர்களையும் இம்முயற்சிகளுக்குள் கொண்டுவரும் ஏற்பாடுகளும் நடந்தன. 2010 சூனில் கோயம்புத்தூரில் நடைபெற்ற உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டி, கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி நடத்தப்பட்டது. 2017இல் தமிழ்நாட்டின் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் ஆசிரியர்களுக்கு விக்கிப்பீடியாப் பயிற்சி அளிக்கப்பட்டது.

முதல் பார்வையில் எழும் எண்ணங்கள்

இக்கருவிகளை முதலில் காணும் மாணவருக்கு மூன்று எண்ணங்கள் எழுவது வழக்கம். முதலாவது, மலைப்பு. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பயனர் கணக்கு, ஒரு கடவுச்சொல், ஒரு முகப்பு. எதை எதற்குப் பயன்படுத்துவது என்பது பிடிபடுவதற்கு முன்பே புதிய கருவியொன்று வந்துவிடுகிறது.

இரண்டாவது, எழுத்துச் சிக்கல். தமிழ்வழியில் படித்த மாணவர்கூடத் தமிழில் தட்டச்சு செய்து பழகியிருப்பதில்லை. செய்தி அனுப்பும்போது தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் பழக்கமே கைவந்திருக்கும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99 விசைப்பலகை முறையைச் சில நாள் பயிற்சியில் கற்கலாம். ஒலிபெயர்ப்பு முறையில் ‘அம்மா’ என்பதை ஒலிப்படி ஆங்கில விசைகளால் தட்டியும் தமிழில் பெறலாம். விக்கிப்பீடியாவின் தொகுப்புப் பெட்டியிலேயே இவ்விரு முறைகளும் உள்ளன.

மூன்றாவது, அச்சம். தேர்வுத்தாளில் செய்யும் பிழையை ஆசிரியர் ஒருவர் மட்டுமே காண்பார். இங்கோ பிழை ஊரறிய நிற்கும். ‘நாம் எழுதி நான்கு பேர் சிரிப்பதா’ என்ற எண்ணத்திலேயே பலர் படிப்பதோடு நின்றுவிடுகின்றனர். ஆயினும் இக்கருவிகளின் கல்விப் பயன் பெரும்பாலும் இவ்வச்சம் இருக்கும் இடத்தில்தான் அமைந்துள்ளது. பிறர் திருத்தக்கூடிய ஒன்றை மாணவர் எழுதி வைக்கும்போதுதான் கருவியின் சமூகத் தன்மை வேலை செய்யத் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு: நெல்லிக்குப்பமும் நெய்வேலியும்

கடலூர் மாவட்டத்தில் நெல்லிக்குப்பம், நெய்வேலி என இரண்டு ஊர்கள் உள்ளன. நெல்லிக்குப்பம் கடலூர்–பண்ருட்டிச் சாலையில் அமைந்த நகராட்சி. சர்க்கரை ஆலையால் அறியப்படுவது. நெய்வேலி, பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தையும் அனல்மின் நிலையங்களையும் சுற்றி எழுந்த நகரியம். அங்குள்ள பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் நிறுவப்பட்டது. பெயர்கள் ஒலியில் நெருங்கியவை, மாவட்டமும் ஒன்றே. எனவே, தொலைவிலிருந்து தகவல் தொகுப்பவர் ஒருவர் நெல்லிக்குப்பத்தை ‘பழுப்பு நிலக்கரி நகரியம்’ என்று பதிந்துவிடுவது நடக்கக்கூடியதே. அப்பிழையை ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளம் படியெடுத்தால் அது விரைவில் உண்மை போல நிலைத்துவிடும்.

நெல்லிக்குப்பத்தில் படிக்கும் மாணவி ஒருவர் திருத்தக்கூடிய ஒரு பக்கத்தில் இப்பிழையைக் காண்பதாகக் கொள்வோம். தன் ஊரில் சுரங்கம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அச்சிட்ட பாடநூலில் இப்படியொரு பிழை இருந்தால் அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும். இங்கே ‘தொகு’ என்னும் பொத்தான் உள்ளது. அதை அழுத்திப் பிழையை நீக்கி, ‘சர்க்கரை ஆலை உள்ள ஊர்’ என்று எழுதிச் சேமிக்க ஒரு நிமிடம் போதும்.

பாடம் அதன்பிறகே தொடங்குகிறது. இன்னொரு பயனர் அத்திருத்தத்தை மீளமைத்து, ‘சான்று தருக’ என்று குறிப்பிடக்கூடும். ‘என் ஊர், எனக்குத் தெரியாதா’ என்ற விடை கலைக்களஞ்சியத்தில் செல்லாது. படிப்பவர் எவரும் சரிபார்க்கக்கூடிய, வெளியிடப்பட்ட சான்று வேண்டும். மாணவி நகராட்சியின் தளத்தையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏட்டையும் தேடுகிறார். கடலூர் மாவட்டம் 1993இல் பழைய தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்தது என்பதை அப்போது அறிகிறார். பழைய செய்திகளைத் ‘தென்னாற்காடு’ என்ற பெயரில் தேட வேண்டும் என்பது புரிகிறது. அத்தேடல் 1906இல் வெளிவந்த தென்னாற்காடு மாவட்டக் கெசட்டியர் வரை அவரை இட்டுச்செல்லலாம்.

அடுத்து ஒரு நுட்பமான கேள்வி எழுகிறது. நெல்லிக்குப்பம் ஆலையை 1842இல் தொடங்கிய, இந்தியாவின் முதல் சர்க்கரை ஆலை என்று அதை நடத்தும் ஈ.ஐ.டி. பாரி நிறுவனம் கூறுகிறது. ஒரு நிறுவனம் தன்னைப் பற்றிக் கூறும் ‘முதல்’ என்ற பெருமையைக் கட்டுரை அப்படியே உண்மையாக எழுதலாமா, அல்லது ‘என்று நிறுவனம் குறிப்பிடுகிறது’ என்று எழுத வேண்டுமா? இதைப் பேச்சுப் பக்கத்தில் விவாதிக்கும் மாணவி, வரலாற்று மாணவர்கள் முதுகலையில் கற்கும் சான்றாய்வின் முதற்படியைத் தன் ஊரை வைத்தே கற்றுவிடுகிறார்.

கருவிகள் கற்பிக்கும் முறை

விக்கியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் இரண்டு பக்கங்கள் உள்ளன. ‘வரலாறு’, யார் எப்போது எதை மாற்றினர் என்பதை முதல் நாளிலிருந்து வரிசையாகக் காட்டும். ‘பேச்சு’, ஏன் மாற்றினர் என்ற வாதத்தைக் காட்டும். பாடநூலில் முடிந்த முடிவாகத் தோன்றும் ஒரு வரி, பலர் அடித்தும் திருத்தியும் உருவானது என்பதை மாணவர் இங்கே நேரில் காண்கிறார். பழைய பதிப்புகள் அழிவதில்லை என்பதால், தவறு செய்தால் மீட்கவும் முடியும். இது தொடக்கநிலை அச்சத்தைக் குறைக்கும்.

பிற கருவிகளுக்கும் தனித்தனிப் பயன் உண்டு. வலைப்பதிவில் வாரம் ஒருமுறை தான் கற்றதை எழுதும் மாணவர், புரிந்ததற்கும் மனப்பாடம் செய்ததற்கும் உள்ள வேறுபாட்டை உணர்கிறார். புரியாததைத் தன் சொல்லில் எழுத வராது. கூட்டு ஆவணத்தில் நால்வர் சேர்ந்து ஆய்வக அறிக்கை எழுதினால் யார் பங்கு எவ்வளவு என்பது பதிவாகிறது. சமூகக் குறியிடலில் குறிச்சொல் தேர்ந்தெடுப்பது, நூலகர் செய்யும் வகைப்படுத்தலின் எளிய வடிவம்.

கருவி சமூகத் தன்மை கொண்டது என்பதாலேயே கற்றல் நிகழ்ந்துவிடாது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது வாட்சப்புக் குழுக்கள் பலருக்கு வகுப்பறையாயின. ஆனால் ஆசிரியர் பாடத்தை அனுப்புவதும், மாணவர் எழுதிய தாளைப் படமெடுத்துத் திருப்பி அனுப்புவதும் மட்டுமே நடந்த குழுக்களில், அக்கருவி அறிவிப்புப் பலகையாகவே இருந்தது. அதே குழுவில் ஒரு மாணவரின் விடையை மற்றொரு மாணவர் சரிபார்த்துக் காரணம் கூறினால் அது கற்றல் கருவியாகிறது. பயன்படுத்தும் விதமே வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது.

சிக்கல்கள்

• படியெடுத்தல்: இணையத்தில் கிடைப்பதெல்லாம் பொதுச்சொத்து அன்று. விக்கிப்பீடியாவின் உரையைக்கூட, கிரியேட்டிவ் காமன்சு உரிமத்தின்படி மூலத்தைக் குறிப்பிட்டே பயன்படுத்த வேண்டும். நாளிதழ்ச் செய்தியை அப்படியே ஒட்டினால் அது பதிப்புரிமை மீறல். விக்கியில் அப்பகுதி நீக்கப்படும்.

• தனியுரிமை: முழுப்பெயர், பள்ளி, வீட்டு முகவரி, தொலைபேசி எண், ஒளிப்படம் ஆகியவற்றைத் தரவேண்டிய தேவை பெரும்பாலான கற்றல் முயற்சிகளில் இல்லை. புனைபெயரில் எழுதுவது விக்கியில் ஏற்கப்பட்ட வழக்கம். 2023இல் இந்தியாவில் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என வரையறுத்து, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வேண்டுகிறது.

• நிலையாமை: கருவிகள் மறைந்துவிடும். கூகுள் ரீடர் 2013இலும், ஆர்க்குட்டு 2014இலும், கூகுள் பிளசு 2019இலும் மூடப்பட்டன. எழுதியவற்றின் படியொன்றைத் தன்னிடம் வைத்திராதவர் அவற்றை இழக்க நேரிடும்.

• கவனச் சிதறல்: விளம்பர வருவாயில் இயங்கும் தளங்கள் பயனரை நெடுநேரம் இருத்திவைக்கும்படி அமைக்கப்பட்டவை. பாடக் காணொளி தேடிச் சென்றவர் வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

• சமமின்மை: சொந்தக் கணினி உள்ளவரும், வீட்டில் உள்ள ஒரே கைப்பேசியை மாலையில் சிறிது நேரம் பெறுபவரும் ஒரே வகுப்பில் உள்ளனர். இணையவழிப் பணியை மதிப்பெண்ணோடு இணைக்கும் ஆசிரியர் இதைக் கருதியாக வேண்டும்.

தொடங்குவோருக்கு

ஒரே நேரத்தில் பல கருவிகளில் கணக்குத் தொடங்குவதைவிட, ஒன்றைத் தேர்ந்து ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்துவது நல்லது. விக்கியில் தொடங்குபவர் முதலில் மணல்தொட்டி என்னும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். அடுத்து, நன்கறிந்த ஒரு பக்கத்தில் எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தலாம். அதன்பின் சான்றுடன் ஒரு வரி சேர்க்கலாம். புதுக் கட்டுரை எழுதுவது நான்காம் படி. ஐயம் எழுந்தால், தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் இடமான ஆலமரத்தடியில் கேட்கலாம்.

எழுதியது திருத்தப்பட்டால் அதைக் குறையாகக் கொள்ளாமல், வரலாற்றுப் பக்கத்தில் இரண்டு பதிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். திருத்தம் சரியெனில் ஒரு புதிய செய்தி கிடைக்கிறது. தவறெனில், சான்றுடன் மறுமொழி எழுத ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது.

தமிழில் இன்னும் எழுதப்படாத ஊர்களும், ஓரிரு வரிகளோடு நின்றுவிட்ட ஊர்ப் பக்கங்களும் பல. அவ்வூர்களின் ஏரி, சந்தை, ஆலை, பள்ளி ஆகியவற்றைப் பற்றிய சான்றுகள் எங்கே கிடைக்கும் என்பதை அங்கு வாழும் மாணவரே எளிதில் கண்டறிய முடியும். பிறர் எழுதியதைப் படிக்கச் சென்ற மாணவர், பிறர் படிக்க எழுதுபவராக மாறுவதற்குத் தன் ஊரின் பக்கம் பொருத்தமான தொடக்க இடமாகும்.