நேரோட்ட மின்வலையில் வழுவறிதல்

மின்வலையில் வழு நேர்ந்தவிடத்துப் பழுதுற்ற கம்பியை உடனே துண்டித்தல் வேண்டும். ஆடலோட்டத்தில் இஃது அத்துணை அரிய செயலன்று. 50 சுற்று ஆடலோட்டம் ஒரு செக்கனில் 100 முறை தானாகவே பூச்சியத்தை அடைகின்றது; அக்கணத்தில் சுற்றுடைப்பான் மின்வில்லை அணைத்துவிடும். நேரோட்டத்துக்கு அத்தகைய ஓய்வில்லை. குறுஞ்சுற்று ஏற்பட்டதும் ஓட்டம் ஏறிக்கொண்டே செல்லும். நிலையங்களிலுள்ள குறைகடத்திகளோ மிகையோட்டத்தை நெடுநேரம் பொறா.

1954ஆம் ஆண்டிலே சுவீடன் தேசத்தார் கொட்லாந்துத் தீவுக்குக் கடலடிக் கம்பி வழியாக நேரோட்டம் அனுப்பினர். இரு முனைகளே உள்ள அவ்வமைப்பில் வழு நேரின் முழுவதையும் நிறுத்திவிடலாம். எக்கம்பியில் வழு என்னும் வினாவே ஆங்கு எழவில்லை. சீனாவில் 2020இல் இயங்கத் தொடங்கிய சாங்பெய் மின்வலையின் நிலை வேறு. காற்றாலும் ஞாயிற்றொளியாலும் பெற்ற மின்னைப் பெய்ஜிங் நகருக்குக் கொணரும் அவ்வலையில் நான்கு நிலையங்கள் 500 கிலோஉவோற்று நேர், மறை அழுத்தங்களில் வளையமாகப் பிணைக்கப்பட்டுள்ளன. ஒரு கம்பியின் வழுவுக்காக நான்கையும் நிறுத்தினால், அவற்றோடு இணைந்த ஆடலோட்ட வலையும் நிலைகுலைய நேரலாம். சுற்றுடைப்பான் ஓட்டத்தை முறிக்க ஏறத்தாழ 3 மில்லிசெக்கன் செல்லும். வழுவை அறிதற்கு எஞ்சும் நேரமும் சில மில்லிசெக்கனே.

மறுமுனையை உசாவி அறியலாகாதோ எனின், ஒளிநாரில் செய்தி 200 கிலோமீற்றரைக் கடக்கவே 1 மில்லிசெக்கன் கழியும். அதனை ஆராய வேண்டும் நேரம் வேறு. ஆகவே ஒவ்வொரு முனையும் தான் கண்டது கொண்டே முதற்கண் தீர்மானிக்க வேண்டியதாகின்றது.

இதற்கு உதவுவது வழுவினின்றும் எழும் அலையே. ஓரிடத்தில் அழுத்தம் திடீரெனச் சரியும்போது, அச்சரிவு கம்பியின் இருபுறமும் ஒளியின் வேகத்தை அண்மிய வேகத்தில் ஓடும். ஒவ்வொரு கம்பியின் முனையிலும் தூண்டற்சுருள் ஒன்றுண்டு. ஓட்டத்தின் திடீர் மாற்றத்தை எதிர்ப்பது அதன் இயல்பு. தன் கம்பியில் எழுந்த அலை செங்குத்தான முகத்தோடு முனையை அடையும். அயற்கம்பியில் எழுந்ததோ சுருள்களைக் கடந்து வருதலின் முகம் மழுங்கியே தோன்றும். எனவே அழுத்தம் எவ்வளவு விரைவாக வீழ்கின்றது என அளந்தால் வழு அகத்ததோ புறத்ததோ என்பது புலனாகும். ஓட்டத்தின் ஏற்றத்தைத் தணிக்க வைத்த சுருளே எல்லைக் காவலும் புரிவது இம்முறையின் நயமாகும்.

ஆயினும் மரக்கிளை தீண்டுதல் போன்ற, தடை மிக்க வழுக்களில் அலை சிறிது. அது நெடுந்தூரம் ஓடுங்கால் முகமும் தேயுமாதலின் புறவழுவின் அலையோடு மயங்கும். அதனைப் பிடிக்கவெனத் தீர்ப்பளவைத் தாழ்த்தினால், வழுவின்றியே இடியேறு எழுப்பும் அலைக்கும் நல்ல கம்பி துண்டிக்கப்படும். உயர்த்தினால் மெய்யான வழு தப்பிவிடும். இவ்விக்கட்டிற்குத் தனிமுனை அளவீடு மாத்திரம் போதாது. ஆதலின் இரு முனைகளின் ஓட்டங்களையும் ஒப்பிடும் இரண்டாவது காப்பொன்றும் உடன்வைக்கப்படுகின்றது. அது தாமதித்தே தீர்ப்புக் கூறும். எனினும் தடை மிக்க வழுவில் ஓட்டம் அத்துணை உயராதாதலின், அத்தாமதம் பொறுக்கத்தக்கதே.